கதைக்குள் வரும் ஆச்சி: மாயக்கதைகளில் எதிர்பாராத துணையையும் தெய்வக் குறியீட்டையும் பிள்ளைகளோடு வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு கதை வாசிக்கிறேன். தரம் 5 முதல் தரம் 8 வரையான பிள்ளைகள். வழமையாகப் பன்னிரண்டு பேர் வருவார்கள், மழையென்றால் ஐந்து பேர். சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் இருப்பார்கள்.

எந்த மாயக்கதையை எடுத்தாலும் ஓர் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து இருப்பதைக் கண்டிருக்கிறேன். கதையில் வரும் பிள்ளை வழி தெரியாமல் நிற்கும்; அப்போது யாரும் எண்ணாத ஒருவர் வருவார். ஒரு கிழவி, ஒரு பறவை, ஒரு சிங்கம், சிலவேளை வெறும் நூலிழை. “இது ஆர் ரீச்சர், சாமியோ?” என்ற கேள்வி அப்போதுதான் வரும். அந்தக் கேள்வியைக் கெடுக்காமல் எப்படி வைத்திருப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆசிரியர்கள், நூலகத்தில் வேலை செய்பவர்கள், இரவில் கதை சொல்லும் தாய் தகப்பன்மார் எல்லோருக்கும் இது உதவும். ஆறு சனிக்கிழமைகள் வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். ஒரு கரும்பலகை, ஆளுக்கொரு கொப்பி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கொப்பி. இவ்வளவும் போதும்.

முதலாம் படி: வற்றாப்பளையில் தொடங்குங்கள்

வெளிநாட்டுக் கதையை முதலில் எடுக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே எதிர்பாராத துணையின் கதை ஒன்று இருக்கிறது.

நந்திக்கடல் ஓரத்தில் பெடியள் மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில ஊர்களில் ஆடு என்று சொல்வார்கள். ஒரு கிழவி வருகிறாள். பசிக்கிறது என்கிறாள். பெடியள் தங்களிடம் இருந்த அரிசியில் புக்கை பொங்குகிறார்கள். பொழுது படுகிறது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. “கடல் தண்ணியை அள்ளி ஊத்துங்கோ” என்கிறாள் கிழவி. ஊற்றித் திரியைக் கொளுத்த, விளக்கு எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள். ஆயிரம் கண். அடுத்த கணம் கிழவியைக் காணவில்லை.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாம்பளை, அது மருவி வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். வைகாசிப் பொங்கலை ஒட்டி அங்கே உள்ள கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீர் எடுத்து வந்து விளக்கெரிக்கும் சடங்கு இன்றைக்கும் நடக்கிறது.

சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைசி வரைக்கும் “கண்ணகி அம்மன்” என்று சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் தெரியும் என்றாலும் சொல்ல வேண்டாம், “கிழவி” என்றே சொல்லுங்கள். மெலிந்த கை, தூசி படிந்த கால், பேன் கடிக்கும் தலை. அந்தத் தலைமயிரைப் பிள்ளைகள் தங்கள் விரலால் விலக்க வேண்டும். அம்மன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கை கூப்பிவிடுவார்கள், விரலால் விலக்க மாட்டார்கள்.

இந்தக் கதையைச் சொன்ன அடுத்த கிழமை தரம் 6 படிக்கும் ஒரு பெடியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். வீட்டில் சிட்டி விளக்கில் உப்புத் தண்ணி ஊற்றி, பஞ்சுத் திரி போட்டு, அரைப்பெட்டி நெருப்புக்குச்சி முடியுமட்டும் கொளுத்திப் பார்த்திருக்கிறான். “சீ எண்டு சத்தம் போட்டு அணைஞ்சு போகுது. அப்ப பொய்யோ ரீச்சர்?”

நான் வாய் திறக்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூலையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: “ஆச்சி உன்னை ஊத்தச் சொன்னவவோ?”

அந்தக் கேள்வியைப் பெரிய கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இனி வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

ரஷ்ய ஆய்வாளர் விளாடிமிர் புரொப் நூறு மாயக்கதைகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஆராய்ந்து 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். கதைகளில் நடக்கும் செயல்கள் 31 வகை, பாத்திரங்களின் பங்கு 7 வகை என்பது அவர் கண்டது. அந்த ஏழில் இரண்டு எங்களுக்கு வேண்டும். ஒருவர் கொடுப்பவர்: வழியில் எதிர்ப்பட்டு, நாயகனைச் சோதித்து, ஒரு மாயப்பொருளைக் கொடுப்பார். மற்றவர் துணைவர்: கூடவே வந்து காரியத்தை முடிப்பார்.

பிள்ளைகளுக்குப் புரொப்பின் பெயர் வேண்டாம். அவரிடமிருந்து எடுத்த மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

வருபவரை மற்றவர்கள் என்னவென்று நினைத்துக் கடந்து போனார்கள்?
உதவி கிடைப்பதற்கு முன் பிள்ளை என்ன கொடுத்தது?
கையில் கிடைத்தது என்ன, அதை வைத்து என்ன செய்ய முடியாது?

மூன்றாவது கேள்வியின் பின்பாதிதான் முக்கியம். எல்லாம் செய்யக்கூடிய துணை வந்தால் கதை அங்கேயே படுத்துவிடும். கடல்நீர் விளக்கு வெளிச்சம் தந்தது. பெடியளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடவில்லை, மாட்டைக் கட்டவில்லை. இரண்டாவது கேள்விக்கும் வற்றாப்பளையில் அழகான பதில் இருக்கிறது. சோதனை நடக்கிறது என்றே அந்தப் பெடியளுக்குத் தெரியாது. பசி என்றாள், பொங்கினார்கள்.

ஒரு மணித்தியாலம் இதற்குப் போதும். பிள்ளைகள் தாங்களே தங்களுக்குத் தெரிந்த கதைகளைக் கொண்டுவந்து இந்தக் கேள்விகளில் போட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகும் கதை

இப்போது தூரத்துக் கதைக்குப் போகலாம். நான் எடுப்பது ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் மக்டொனால்ட் 1872இல் வெளியிட்ட ‘இளவரசியும் கொப்ளினும்’. கொப்ளின் என்றால் மலைக்கு அடியில் வாழும் பொல்லாத குட்டிப் பூதம். அவர் முன்பு திருச்சபையில் போதகராக இருந்தவர். ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் வாயால் சொல்கிறேன். அப்படிச் சொல்வதுதான் நல்லது, எங்கள் பிள்ளைகளின் வாய்மொழியிலேயே வரும்.

ஐரீன் எட்டு வயது இளவரசி. பெரிய வீட்டின் மாடிப்படிகளில் வழி தவறி ஏறி, உச்சியில் ஓர் அறையில் நூல் நூற்றுக்கொண்டிருக்கும் மூதாட்டியைக் காண்கிறாள். பாட்டிக்கும் பாட்டி. தாதியிடம் வந்து சொன்னால் அவள் நம்புவதில்லை. பிறகு அந்த மூதாட்டி சிலந்தி இழையில் நூற்ற நூலின் ஒரு நுனியை மோதிரத்தில் கட்டி ஐரீனுக்குக் கொடுக்கிறாள். நூற்பந்து மூதாட்டியிடமே இருக்கும். ஆபத்து வந்தால் நூலில் விரலை வைத்து அது போகும் வழியே போ என்கிறாள்.

நூல் அவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. மலைக்குள், இருட்டுக் குகைக்குள் கூட்டிப் போகிறது. கடைசியில் ஒரு கற்குவியலுக்குள் போய் மறைகிறது. திரும்பிப் போக நினைத்து நூலைப் பின்பக்கமாகத் தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. முன்னுக்கு மட்டும்தான் நூல் இருக்கிறது. அழுகிறாள். பிறகு ஒவ்வொரு கல்லாக அகற்றுகிறாள், விரலில் இரத்தம் வரும்வரை. கல்லுக்கு அந்தப் பக்கம் கேடி என்ற சுரங்கத் தொழிலாளிப் பெடியன் அடைபட்டுக் கிடக்கிறான். உதவி தேடி அழுத பிள்ளையே இன்னொருவனுக்கு எதிர்பாராத துணையாகிவிடுகிறாள்.

இந்த இடத்தை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். நான் ஒரு தையல் நூலை எடுத்து அறையின் ஒரு யன்னலில் கட்டி, மேசைக்கு அடியால், கதிரைகளுக்கு இடையால் இழுத்து, லைட்டை அணைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் போக விடுவேன். நூல் அறுந்துவிடும் என்ற பயத்தில் விரலை எவ்வளவு மெல்ல வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும். விசுவாசம், பக்தி என்ற சொற்களை நான் சொல்வதில்லை. அந்த விரல் போதும்.

காப்பாற்றப்பட்ட கேடிக்கு நூல் தட்டுப்படுவதே இல்லை. ஐரீன் அவனை மாடிக்குக் கூட்டிப் போய் மூதாட்டியைக் காட்டினால், அவன் கண்ணுக்குத் தெரிவது வெறும் அறை, கொஞ்சம் பழைய வைக்கோல், ஒரு வாடிய ஆப்பிள், ஒரு வெயில் கீற்று. அவன் கோபித்துக்கொண்டு போகிறான். ஐரீன் அழ, மூதாட்டி சொல்லும் பதில்: நம்ப முடிந்ததைத்தான் ஒருவர் நம்புவார், கூடுதலாக நம்புகிறவர் குறைவாக நம்புகிறவரிடம் கடுமையாக இருக்கக் கூடாது.

இதை வாசித்த அன்று உப்புத் தண்ணி ஊற்றிய பெடியன் தானாகவே சொன்னான்: “கேடியும் என்னை மாதிரித்தான்.” அவனுக்கு முகம் தெளிந்திருந்தது.

நான்காம் படி: குறியீட்டுக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

நார்னியா என்ற மாய உலகத்தில் நடக்கும் கதைகளை எடுத்தால் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட முதற் கதையில் அஸ்லான் என்ற சிங்கம், துரோகம் செய்த ஒரு சிறுவனுக்காகத் தன் உயிரைக் கொடுத்து, மறுபடி எழுகிறது. கிறிஸ்துவின் கதை என்று பெரியவர்களுக்கு உடனே விளங்கும்.

நான் முதல் தடவை ஒரு பிழை விட்டேன். வாசிக்கத் தொடங்கும்போதே “இந்தச் சிங்கம் யேசுவைக் குறிக்கும்” என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சைவப் பிள்ளைகள் இது தங்களுக்கான கதை இல்லை என்பதுபோலக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி இருந்துவிட்டார்கள். கத்தோலிக்கப் பிள்ளை ஒருவன் எல்லாக் கேள்விக்கும் ஞாயிறு மறைப்பாடசாலைப் பதிலைச் சொல்லத் தொடங்கினான். சிங்கத்தின் பிடரி மயிரை ஒருவரும் தொடவில்லை.

லூயிஸே இதை உருவகக் கதை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. நார்னியா போன்றதோர் உலகம் இருந்து, கிறிஸ்து அங்கே வந்தால் எந்த உருவில் வருவார் என்று எண்ணிப் பார்த்ததுதான் தன் கதை என்று விளக்கியிருக்கிறார். அந்த வேறுபாடு வகுப்பறையில் பெரிய உதவி. “இது எதைக் குறிக்கும்?” என்று கேட்டால் பிள்ளை ஒரு சொல்லைத் தந்துவிட்டு நிறுத்திவிடும். “இப்படி ஒருவர் எங்கட ஊருக்கு வந்தால் என்ன உருவில் வருவார்?” என்று கேட்டால் பிள்ளை வெளியே எட்டிப் பார்க்கும்.

இரண்டு காட்சிகளைத் தெரிந்தெடுத்து வாசியுங்கள்.

ஒன்று எலிகள். சிங்கம் கல்மேசையில் கட்டப்பட்டு இறந்து கிடக்கும்போது சின்ன வயல் எலிகள் ஏறி வந்து கயிறுகளைக் கடித்து அறுக்கின்றன. வன்னியில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே எதிர்ப்பார்கள். எலி நெல்லை வெட்டுகிற சாமான், வரம்பைத் துளைக்கிற சாமான். நல்லது, எதிர்க்கட்டும். யாரும் விரும்பாத ஒன்றிடமிருந்து உதவி வருவதுதானே எங்கள் முதற் கேள்வி. இதோடு சேர்த்து அணில் கதையைச் சொல்லுங்கள். இராமர் அணை கட்ட உதவிய அணில் வால்மீகி இராமாயணத்தில் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் அதைப் பாடுகிறார்: குரங்குகள் மலைகளைத் தள்ள, அணில் நீரில் குளித்து மணலில் புரண்டு ஓடுகிறது. தலைமன்னாருக்குப் போய்வந்த பிள்ளை இருந்தால் அந்தக் கடலையும் மணல் திட்டுகளையும் சொல்லச் சொல்லுங்கள். அணிலின் உடம்பில் எவ்வளவு மணல் ஒட்டும் என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு தேக்கரண்டி என்றார்கள், ஒருத்தி அரைக்கரண்டி என்று சண்டை பிடித்தாள்.

மற்றது மீன். 1952இல் வந்த நார்னியாக் கதையின் முடிவில் பிள்ளைகள் கடலில் நடந்து கரையேறுகிறார்கள். வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறது, வந்து சாப்பிடுங்கள் என்கிறது. சாப்பிட்ட பிறகு அது சிங்கமாக மாறுகிறது. எதையும் விளக்காமல் வாசித்துவிட்டுக் காத்திருந்தேன். கரைவலைக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி மெல்லச் சொன்னாள், “யேசுநாதர் சீடருக்குக் கரையில மீன் சுட்டுக் குடுத்தவர் எல்லோ.” யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். அவள் வாயில் அது பாடமாக வரவில்லை, மணத்தோடு வந்தது. உடனே ஒரு சைவப் பிள்ளை: “எங்கட கதையில பெடியள் ஆச்சிக்குப் புக்கை குடுத்தவங்கள். இதில ஆட்டுக்குட்டி பிள்ளையளுக்குக் குடுக்குது.”

இரண்டையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதினேன். கடற்கரை, நெருப்பு, பசி, சாப்பாடு. எது எந்தச் சமயம் என்று நான் கோடு போடவில்லை.

மடு மாதாவின் கதையையும் இந்த இடத்தில் சேர்க்கலாம். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். 2008இலும் சண்டைக்கு நடுவே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். காக்கிறவளையும் காக்க வேண்டியிருக்கிறது. எலிகளை ஏற்க மறுத்த பிள்ளைகளுக்குக்கூட இது விளங்கும். பெட்டி தூக்கிக்கொண்டு நடந்த கதை இல்லாத வீடு இங்கே இல்லை.

ஐந்தாம் படி: துணை வராத கதை

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். நீங்கள் தவிர்த்தாலும் பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான். ஆனாலும் வீட்டில் மாலை போட்ட படம் இருக்கிறது, அம்மம்மா சொல்லும் கதை இருக்கிறது. ஒருநாள் ஒருத்தி கேட்டாள்: “அம்மம்மா ஆக்கள் நந்திக்கடலால வரேக்க ஆச்சி ஏன் வரேல்ல?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று அவளிடமே சொன்னேன். அவள் அருகில் போய் இருந்தேன். அன்றைக்கு வேறு கதை வாசிக்கவில்லை. தண்ணி குடித்தோம், வெளியே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம், பின்னேரம் அவளின் தாயைக் கண்டு, மகள் இப்படிக் கேட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையே உங்களுக்கும் சொல்வேன். தெய்வத்துக்காக நீங்கள் வழக்காட வேண்டாம். எல்லாம் நன்மைக்கே என்று சொல்லவே வேண்டாம். பேச விரும்பாத பிள்ளையைப் பேசவைக்கக் கூடாது. எழும்பி வெளியே போனால் போகட்டும், கண் மட்டும் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

அடுத்த கிழமைக்கு லூயிஸின் 1955ஆம் ஆண்டுக் கதையை எடுத்தேன். டிகரி என்ற சிறுவனின் தாய் சாகக் கிடக்கிறாள். அவன் சிங்கத்திடம் உதவி கேட்கிறான். தலை நிமிர்ந்து பார்த்தால் சிங்கத்தின் கண்ணிலும் பெரிய பெரிய கண்ணீர்த் துளிகள், தன் தாய்க்காகத் தன்னைவிடச் சிங்கத்துக்குத்தான் கூடுதல் துக்கமோ என்று அவனுக்குத் தோன்றுமளவுக்கு. கடைசியில் ஓர் ஆப்பிள் கிடைக்கிறது, தாய் பிழைக்கிறாள்.

பிறகு லூயிஸைப் பற்றிச் சொன்னேன். அவருடைய தாய் 1908இல் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. தாய் பிழைக்க வேண்டும் என்று மன்றாடினார், ஆப்பிள் வரவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கதையில் அந்த ஆப்பிளை எழுதினார்.

பிள்ளைகள் நிறைய நேரம் பேசாமல் இருந்தார்கள். கேள்வி கேட்டவள் தன் கொப்பியில் ஓர் ஆப்பிள் கீறிக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆறாம் படி: அவர்களே எழுதட்டும்

எழுதுவதற்கு முன் கீறச் சொல்லுங்கள். நார்னியாக் கதை தொடங்கியதே ஒரு படத்திலிருந்துதான்: பனிக் காட்டில் குடையும் பொதிகளும் தூக்கிப் போகும் ஆட்டுக்கால் மனிதன். பதினாறு வயதளவில் லூயிஸின் மனதில் வந்த படம் அது. சமயம் பிறகு தானாகவே வந்து சேர்ந்தது. ஆகவே “சாமி பற்றி எழுதுங்கள்” என்று சொல்ல வேண்டாம். “இருக்கக்கூடாத இடத்தில் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார், கீறுங்கள்” என்று சொன்னால் போதும்.

துணைக்கு வருபவர் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்திலிருந்து வரட்டும். குளக்கட்டு ஐயனார் கோயில், வாய்க்கால் மதகு, பாலைப்பழம் விழும் காடு, பஸ் நிற்கும் இடம். யானையை எழுத விரும்பும் பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் கதைக்க வேண்டும். நெல்லையும் தென்னையையும் யானை அழித்த வீட்டுப் பிள்ளை பக்கத்தில் இருக்கும். அந்தப் பிள்ளையும் நம்பும்படி யானையை எழுத வேண்டும், பயத்தையும் சேர்த்து.

கடவுளை நேரே கூட்டி வந்துவிட்டால் கதை முடிந்துவிடும். பிள்ளையாரை அவரது இடத்திலேயே இருக்க விட்டு, அவரின் சாயலில் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். தரம் 7 பிள்ளை ஒருத்தி எழுதியதைச் சொல்கிறேன். ஏ-9 வீதியில் போகிற வாகனங்கள் முறிகண்டியில் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். அவள் கதையில் ஒரு சிறுவனை விட்டுவிட்டு பஸ் போய்விடுகிறது. கச்சான் விற்கும் ஓர் அம்மா அவனைக் கூப்பிடுகிறா. அழாதே என்றுகூடச் சொல்லவில்லை, விழுந்த கச்சானைப் பொறுக்கித் தா என்கிறா. அவன் பொறுக்கிக் கொடுக்கிறான். அவ ஒரு கடதாசிச் சுருளில் கச்சான் போட்டுக் கொடுக்கிறா. தின்று முடித்துச் சுருளை விரித்தால் அது பழைய கொப்பித் தாள். அவன் அம்மாவின் கையெழுத்தில் அவன் வீட்டு விலாசம். நிமிர்ந்து பார்க்க, அந்த அம்மா சிரிக்கிறா. முன்பல் ஒன்று பாதி முறிந்திருக்கிறது.

பிள்ளையார் என்ற சொல் கதையில் எங்குமே இல்லை. முறிந்த கொம்பால் பாரதம் எழுதியவர் என்று தெரிந்த பிள்ளைகள் அந்தப் பல்லில் துள்ளினார்கள். தெரியாத பிள்ளைக்கும் அது முழுக் கதைதான், கச்சான் சூடாகவே இருந்தது. இரண்டாவது கேள்விக்கும் அவளிடம் பதில் இருக்கிறது: பொறுக்கிக் கொடுத்தான்.

திருத்தும்போது எழுத்துப் பிழையைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒரு கேள்வி மட்டும்: உன் துணை வராமலே இந்தப் பிள்ளை தப்பியிருக்குமா? ஆம் என்றால் அந்தத் துணைக்குக் கதையில் வேலை இல்லை, திரும்ப எழுத வேண்டும்.

எழுதி முடிந்ததும் கொப்பியை வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள். வீட்டில் வயது கூடிய ஒருவருக்கு அதையும், வற்றாப்பளைக் கதையையும் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சொல்லும் ஒரு திருத்தத்தையாவது அடுத்த கிழமை கொண்டுவர வேண்டும். எங்கள் பெரிய கொப்பி அப்படித்தான் நிறைகிறது. உப்புத் தண்ணி ஊற்றிய பெடியன் தன் அப்பம்மாவிடமிருந்து கொண்டுவந்தது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அவன் கையெழுத்திலேயே: “கடல் தண்ணியை ஊத்தச் சொல்ல, பெடியள் முதல்ல சிரிச்சவங்களாம். பிறகுதான் ஊத்தினவங்கள்.”